அற்றுப்படுத்தல் அறை

வலயக் கல்விப் பணிமனை பலகையை அனுப்பியது,
ஆணி அனுப்பவில்லை.
விளையாட்டுச் சாமான் கிடந்த அறையின் நிலையில்
சவரிமுத்து சேர்தான் தன் சப்பாத்தைக் கழற்றி
குதியால் ஆணி அடித்துத் தொங்கவிட்டார்.
சிங்களம் சரி. ஆங்கிலம் சரி.
தமிழில் முதல் எழுத்துக்குச் சுழி இல்லை:
அற்றுப்படுத்தல் அறை.

மட்டக்குளியில் தரம் ஆறு முழுவதும்
அதை உரக்க வாசித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனது.
"உள்ளுக்கு வந்தா வெட்டுவீங்களா மிஸ்?"

நான் புவியியல் படிப்பித்தவள்.
இரண்டு வருடத்துச் சனி ஞாயிறுகள், ஒரு டிப்ளோமா,
தமிழ்ப் பிரதி எட்டு மாதம் பிந்தி வந்த சுற்றறிக்கை,
இவ்வளவும் சேர்ந்து
ஆயிரத்து நாநூற்றுப் பதினொரு பிள்ளைகளுக்கு
நான் ஒருத்தி.
அதற்குள்ளும் யாராவது லீவு என்றால் பதில் பாடம்.
அழுதுகொண்டிருந்த ஒருத்தியிடம்
"இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டு
ஏழு சி-க்கு ஓடினேன்.
அவள் இன்றைக்கும் என்னைக் கண்டால்
மணிக்கூட்டைப் பார்க்கிறாள்.

எனக்கு முன் இந்த வேலையைப் பிரம்பு பார்த்தது.
சுனாமிக்குப் பிறகு வெள்ளை ஜீப்பில் நிறப்பென்சில்கள் வந்தன,
வீட்டை வரை, அலையை வரை என்றார்கள்.
ஜீப் போனபின் பென்சில் சீவ ஆளில்லை.
ஈஸ்டருக்குப் பிறகு வாசலில் வரிசை,
உள்ளே தெரிகிற பிளாஸ்திக் பை.
பைக்குள் என்ன என்று எல்லோரும் பார்த்தார்கள்.

மாத முடிவில் படிவம்.
'தீர்க்கப்பட்ட பிரச்சினைகளின் எண்ணிக்கை.'
யதுஷிகாவின் அம்மா குவைத்தில்.
பதினொரு தடவை வந்து பதினொரு தடவையும்
பந்து வலையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
பன்னிரண்டாம் தடவை சொன்னாள்,
"இந்த ஃபேன் சத்தம் எங்கட வீட்டு ஃபேன் மாதிரி."
எந்தக் கட்டத்தில் எழுத?
சைபர் என்று போட்டேன்.

பத்தரமுல்லைச் செயலமர்வில் எதிர்காலம் காட்டினார்கள்.
குளிரூட்டி. திரை. மீன் பணிஸ்.
முந்நூறு பிள்ளைக்கு ஒருவர்,
கைபேசியில் ஒரு செயலி,
அழுவதிலிருந்து சிரிப்பது வரை அதில் ஐந்து முகம்.
நல்லதுதான், வரட்டும்.
நான் கை உயர்த்தி ஒரு கதவு கேட்டேன்,
எங்கள் அறைக்குச் சீலைதான்.
கதவுக்கு நிதி வேறு பிரிவு என்றார்கள்.

ஆற்றுப்படுத்தல்.
பழந்தமிழில் அது பாணன் வேலை:
பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வான்,
இந்த மலை தாண்டு, அந்த ஊரில் சோறு கிடைக்கும்,
அரசன் நல்லவன் என்று.
கொட்டாஞ்சேனையில், பதினைந்து வயதில், நான்
மூன்று கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை.
திரும்பி வந்தபோது இடாப்பில் சிவப்புக் கோடு இருந்தது,
கேள்வி இருக்கவில்லை.
பெறாதவள்தான் வழி சொல்கிறேன்.
தெரியாத இடத்தில் தெரியாது என்கிறேன்.

போன புதன் பலகையைப் பார்த்தேன்.
யாரோ திருத்தும் வெள்ளையால் சுழி போட்டிருக்கிறார்கள்,
கொஞ்சம் பெரிது, வழிந்தும் இருக்கிறது.
கதிரையில் சேற்றுக் கால் ஒன்று.

அன்றைக்கு மணி அடித்து வான்கள் எல்லாம் போனபின்
சவரிமுத்து சேர் சீலைக்கு வெளியே நின்றார்.
"பிள்ளைகள் ஒருவரும் இல்லைத்தானே?"
பிரம்பைச் சுவரில் சாத்தினார்.
சின்னக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார்.
"என்ட மகன்" என்றார்,
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

களனி கடலில் விழுகிற பக்கத்துக் காற்று
சீலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
எழுந்து, அலுமாரி மேலிருந்த பூகோள உருண்டையை எடுத்து
அதன் ஓரத்தில் பாரம் வைத்தேன்.